புறநகர் எப்போது நகரமாகிறது? தாம்பரத்தை வைத்து ஓர் எளிய விளக்கம்

காலை எட்டரை மணிக்குத் தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயில் வந்து நிற்கும். ஏறுவதற்கு ஒரு கூட்டம் முண்டியடிக்கும். கிண்டி, மாம்பலம், எழும்பூர் என்று பட்டணத்துக்குள் வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். ஆனால் அதே வண்டியிலிருந்து, தோளில் சாப்பாட்டுப் பையோடு பெண்கள் திபுதிபுவென்று இறங்குவார்கள். அவர்களுக்குப் பட்டணத்தில் வேலை இல்லை. நடக்கும் தூரத்தில், ஜி.எஸ்.டி. சாலை என்கிற திருச்சி நெடுஞ்சாலை ஓரம் இருக்கும் மெப்ஸ் என்ற ஏற்றுமதி ஆலை வளாகத்தில்தான் வேலை.

புறநகர் என்றால் என்ன, அது எப்போது நகரமாகிறது என்று யாராவது கேட்டால் நான் இந்த நடைமேடையைத்தான் காட்டுவேன். ஏறுகிறவர்கள் மட்டும் இருந்தால் அது புறநகர். அதாவது, பகலெல்லாம் வேறு ஊரில் உழைத்துவிட்டு இரவு வந்து தூங்கும் இடம். இறங்குகிறவர்களும் சேர்ந்துவிட்டால் அந்த ஊர் தன் காலில் நிற்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். தாம்பரம் இப்போது இரண்டுமாக இருக்கிறது. அதனால்தான் விளக்கத்துக்கு அதை எடுத்துக்கொண்டேன்.

பழைய தமிழில் கோட்டைக்கு வெளியே இருந்த குடியிருப்பைப் புறஞ்சேரி என்றார்கள். அந்தப் 'புறம்'தான் இன்றும் புறநகர் என்ற சொல்லில் இருக்கிறது. ஓர் ஊரைப் 'புறம்' என்று சொல்ல, நடுவில் இன்னோர் ஊர் இருக்க வேண்டும். தாம்பரத்துக்கு அந்த நடு ஊர் சென்னை. கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் சுமார் 30 கிலோமீட்டர்.

பட்டணம் வெளியே அனுப்பியவை

புறநகர் வளர்வதற்கு ரயில், சாலை, மலிவான மனை என்று காரணம் சொல்வார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் அவற்றுக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. ஒரு பெரிய நகரம் தனக்குத் தேவையான ஆனால் உள்ளே வைத்துக்கொள்ள முடியாத காரியங்களை ஊருக்கு வெளியே அனுப்பும். நிறைய இடம் கேட்பது, நாற்றம் அடிப்பது, சத்தம் போடுவது, மக்கள் பயப்படுவது எல்லாம் எல்லைக்கு வெளியே போகும். அப்படி அனுப்பப்பட்டவை நாளடைவில் வேலையும் கடையும் பள்ளியும் கொண்டு வந்து, தங்களைச் சுற்றி ஓர் ஊரை உண்டாக்கிவிடும். தாம்பரத்தின் கதை ஏறக்குறைய முழுவதும் இதுதான்.

முதலில் மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்காத காலத்தில் நல்ல காற்றும் வெயிலும் ஓய்வும்தான் சிகிச்சை. இங்கிலாந்தில் காசநோய் மருத்துவராக இருந்த டாக்டர் சௌரி முத்து, 1928-ல் தாம்பரத்துக் குன்றடியில் ஒரு சானடோரியம் தொடங்கினார். 1937-ல் அதை அரசு ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. ஆனால் ரயில் நிலையத்தின் பெயரும் பகுதியின் பெயரும் சானடோரியமாகவே நிலைத்துவிட்டன. எச்.ஐ.வி. என்றாலே மற்ற இடங்கள் தயங்கிய 1990களில் அந்த நோயாளிகளைப் படுக்கை கொடுத்துச் சேர்த்துக்கொண்ட மருத்துவமனை இது. இந்த ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்ல வேண்டிய செய்தி என்று எனக்குத் தோன்றும், ஏனோ யாரும் அதிகம் சொல்வதில்லை. அதே பகுதியில் 2005-ல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் வந்தது. காலையில் அதன் புறநோயாளிகள் வரிசையைப் பார்த்தால், வேலூர், விழுப்புரம் பக்கத்து ஆட்களும் நிற்பார்கள்.

அடுத்து கல்லூரி. சென்னைக் கிறித்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனின் நெரிசலில் இருந்தது. இடம் போதாமல் 1937-ல் தாம்பரத்துக்கு வந்தது. சேலையூர்க் காட்டில் எடுத்த இடம் 365 ஏக்கர். வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அந்தப் புதர்க்காட்டில் மரம் மரமாக நட்டு வளர்த்தார்கள். இன்றும் ஜி.எஸ்.டி. சாலையின் புகையிலிருந்து அந்த வாசலுக்குள் நுழைந்தால் பத்தடியிலேயே காற்று குளிர்வது தெரியும். உள்ளே புள்ளிமான்கள் இருக்கின்றன. மாநகராட்சி ஒன்றின் நட்டநடுவில் மான் மேய்கிறது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள்.

கிழக்குத் தாம்பரத்தில் விமானப் படைத் தளம் இருக்கிறது. விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுக்கும் பள்ளி அங்குதான் உள்ளது. சேலையூர், மாடம்பாக்கம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தலைக்கு மேல் பயிற்சி விமானத்தின் சத்தம் பழகிப்போன ஒன்று. குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால்தான். குரோமியம் சேர்த்துத் தோல் பதனிடும் முறைக்குப் பெயர் போன ஆலை அது. பல்லாவரம், பம்மல், நாகல்கேணி வட்டாரத்தில் தோல் தொழில் பரவியது. பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது, கூடவே நிலத்தடி நீரையும் கெடுத்தது. நாகல்கேணிப் பக்கம் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் போனதற்கு அதுதான் காரணம். புறநகர்ப் பொருளாதாரம் என்று பேசும்போது இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தப் பழக்கம் இன்னும் நிற்கவில்லை. சென்ட்ரல் பக்கத்தில் இருந்த உயிரியல் பூங்கா 1985-ல் வண்டலூருக்கு வந்தது. கோயம்பேட்டின் நெரிசலைக் குறைக்க, தென்மாவட்டப் பேருந்துகளுக்காகக் கிளாம்பாக்கத்தில் பெரிய பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. வண்டலூரும் கிளாம்பாக்கமும் தாம்பரம் மாநகராட்சி எல்லையைத் தாண்டியவை. புறநகருக்கும் ஒரு புறநகர் உருவாகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

ரயில் செய்த வேலை

கடற்கரை முதல் தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். மீட்டர்கேஜ் பாதை. இந்தியாவில் பல நகரங்கள் பேருந்தையே சரியாகப் பார்க்காத காலம் அது. ஒரு மாதச் சீசன் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஒரு குமாஸ்தா பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ சின்னதாக வீடு கட்டிக்கொள்ளலாம், கோட்டைக்கு வேலைக்குப் போய்வரலாம் என்ற எண்ணமே அந்த வண்டியால் வந்ததுதான். வரைபடத்தில் பார்த்தால் வீடுகள் ரயில் நிலையத்தைச் சுற்றி முதலில் அடர்ந்து, பிறகு ஏரிக்கரைகளை நோக்கி விரிந்திருப்பது தெரியும். மீட்டர்கேஜ் வண்டிகள் 2004 ஜூலையோடு முடிந்தன. இப்போது எல்லாம் அகலப் பாதை.

இன்னொரு மாற்றமும் நடந்தது. எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் அடுத்து, தாம்பரம் சென்னையின் மூன்றாவது ரயில் முனையமாகிவிட்டது. திருநெல்வேலியிலிருந்தோ மதுரையிலிருந்தோ ராத்திரி வண்டி ஏறியவர்கள், விடியற்காலையில் போர்வையை விலக்கி, "தாம்பரம் வந்துடுச்சா?" என்று கேட்பார்கள். பாதிப் பெட்டி அங்கேயே காலியாகும். தென்மாவட்டத்துப் பையன் முதல் வேலைக்காகச் சென்னைக்கு வரும்போது, அவன் காலில் முதலில் படுவது பெரும்பாலும் தாம்பரத்து மண்தான். அவன் முதல் டீயைக் குடிப்பதும் அங்கேதான். பிறகு அறை தேடுவதும் அங்கேயே. அறை எடுத்த நாலு பேரில் ஒருவர் நாளடைவில் கல்யாணம் செய்துகொண்டு, பெருங்களத்தூரிலோ செம்பாக்கத்திலோ மனை வாங்குவார். இந்த ஊரின் மக்கள்தொகை ஏறிய விதம் இதுதான்.

வேலை எங்கே?

1984-ல் மெட்ராஸ் ஏற்றுமதி மண்டலம் சானடோரியத்தில் அமைந்தது. 'மெப்ஸ்' என்று நாம் சுருக்கிச் சொல்வது அதைத்தான். ஏற்றுமதி மண்டலம் என்றால், வெளிநாட்டுக்கு விற்பதற்காகவே பொருள் செய்யும் ஆலைகளுக்குச் சுங்க வரியில் சலுகை கொடுத்து, ஒரே வேலிக்குள் இடம் ஒதுக்குவது. சுமார் 260 ஏக்கர். 2003-ல் அது சிறப்புப் பொருளாதார மண்டலமானது. ஆயத்த ஆடை, மின்னணு, மென்பொருள் என்று பலவும் உள்ளே இருக்கின்றன. தையல் பிரிவுகளில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். கட்டுரையின் தொடக்கத்தில் ரயிலிலிருந்து இறங்கினார்களே, அவர்களேதான். சம்பளம் பெரிதில்லை. ஆனாலும் கிராமத்து வீட்டிலிருந்து தினமும் போய்வரும் தூரத்தில் மாதச் சம்பளம் என்பது அந்தக் குடும்பங்களில் பெண்பிள்ளைகளின் படிப்பையும் கல்யாண வயதையும் மாற்றியிருக்கிறது.

பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் ஆலை இருந்த இடத்தில் இன்று ஐ.டி. கட்டடங்கள் நிற்கின்றன. ஒரு தலைமுறை உலோகம் வார்த்த இடத்தில் அடுத்த தலைமுறை கணினி முன் உட்கார்ந்திருக்கிறது.

இதற்கெல்லாம் முந்தைய தொழில் ஒன்றும் இங்கே உண்டு. அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். அவர்கள் நெய்த கட்டம் போட்ட 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்' துணி கடல் கடந்து நைஜீரியாவுக்குப் போனது. அந்த ஏற்றுமதி நின்றபோது தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மிச்சம் இருந்தவர்களில் சிலர் வாழைநாரில் சேலை நெய்யப் பழகிக்கொண்டார்கள். வாழைநார் பருத்தி நூல்போல நீளமாக வராது. நாரை உரித்து, இழை இழையாகப் பிரித்து, நுனியோடு நுனி முடிந்து நீட்ட வேண்டும். அப்படி முடிந்த நாரை விரலால் தடவிப் பார்த்தால் முடிச்சே தட்டுப்படாது. நாற்பது ஐம்பது வருடம் தறியில் இருந்த கைகளுக்குத்தான் அது வரும்.

இவை போகக் கணக்கில் வராத பெரிய பொருளாதாரம் ஒன்று இருக்கிறது: வீடு கட்டுவது. கொத்தனார், கம்பி கட்டுகிறவர், பிளம்பர், போர் போடும் வண்டி, மணல் லாரி, மனைத் தரகர், மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக் கடைக்காரர், ஷேர் ஆட்டோ ஓட்டுநர் என்று எல்லோர் வருமானமும் புதிதாக யாரோ குடிவருவதை நம்பித்தான் இருக்கிறது.

மாநகராட்சி என்றால் என்ன மாறுகிறது?

பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி மூன்றும் நகர்ப்புற உள்ளாட்சிகள்தான். மக்கள்தொகையும் வருமானமும் ஏற ஏற ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளையும் ஒன்றாக்கித் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. மொத்தம் 70 வார்டுகள். 2011 கணக்கெடுப்பின்படி இந்தப் பத்து ஊர்களின் மக்களைக் கூட்டினால் 7 லட்சத்தைத் தாண்டும். அதில் பெரிய ஊர் தாம்பரம் அல்ல, பல்லாவரம்தான். பல்லாவரத்தில் 2,15,417 பேர், தாம்பரத்தில் 1,74,787 பேர். 2022 ஜனவரியில் தாம்பரத்துக்குத் தனிக் காவல் ஆணையரகமும் வந்தது. அதே ஆண்டு நடந்த முதல் தேர்தலில் மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது.

சரி, பெயர்ப்பலகை மாறியதால் என்ன லாபம்? என் பார்வையில் ஒரே ஒரு பெரிய லாபம் உண்டு. அதைப் புரிந்துகொள்ள ஏரிகளைப் பற்றித் தெரிய வேண்டும்.

ஏரிகள்

இந்தப் பகுதி முழுவதும் ஒரு காலத்தில் ஏரிப் பாசன வயல்தான். ஏரிகள் தனித்தனிக் குட்டைகள் அல்ல. மேட்டில் இருக்கும் ஏரி நிரம்பினால் உபரி நீர் கலங்கல் வழியாக இறங்கி அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. சங்கிலி என்று சொல்வது இதைத்தான். சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை என்று போய்க் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேரும். இது கிழக்குப் பக்கம். மேற்கே பெய்யும் மழை பெரும்பாலும் அடையாற்றுக்குப் போகும்.

வயல் மனையானது. மனை வீடானது. நடுவில் ஓடிய கால்வாய் சில இடங்களில் தெருவானது, சில இடங்களில் சாக்கடையானது. பல தெருக்களில் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், அதை உறிஞ்ச லாரி. கழிவுநீர் கடைசியில் ஏரியைத்தான் தேடிப் போனது. ஒரு ஏரி ஒரு பேரூராட்சியில், அதன் உபரிக் கால்வாய் அடுத்த நகராட்சியில் என்று பிரிந்து கிடந்தபோது, யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பதிலே இருக்கவில்லை. மேலே இருப்பவர்கள் கால்வாயைத் தூர் வாரினால் கீழே இருக்கும் ஊர் மூழ்கும். கீழே இருப்பவர்கள் அடைத்தால் மேலே மூழ்கும். பத்து ஊரும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்ததில் இந்தச் சங்கிலியை முழுதாகப் பார்க்க முதல் முறையாக வாய்ப்பு வந்திருக்கிறது. அதைத்தான் லாபம் என்றேன்.

2015 டிசம்பர் 1 காலை முதல் மறுநாள் காலை வரை 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஏரிகள் நிரம்பி வழிய, அடையாறும் பெருகி வர, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. படகில் ஆட்களை மீட்டார்கள். முடிச்சூரில் என் உறவினர் வீட்டுக் கூடத்துச் சுவரில், மின்விசிறி சுவிட்சுக்கு ஒரு சாண் மேலே, அந்தத் தண்ணீர் நின்ற கோடு இருந்தது. இரண்டு முறை பெயின்ட் அடித்தும் மழைக்காலத்தில் மங்கலாகத் திரும்பத் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் கட்டிய வீடுகள் எல்லாம் நாலடி உயர மேடையில் நிற்கின்றன. பழைய வீடுகளுக்கோ இப்போது தெரு மேலே, வாசல் கீழே. முடிச்சூர் 2021 இணைப்பில் சேரவில்லை. தண்ணீருக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது.

அதனால் இங்கே மனை வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பட்டா, வில்லங்கம், அங்கீகாரம் எல்லாம் பாருங்கள். அப்புறம் ஒரு பெருமழை நாளில் நேரில் போய், தண்ணீர் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்றும் பாருங்கள். பக்கத்து டீக்கடையில் வயதானவர் யாராவது இருந்தால், "இங்க முன்னாடி என்னங்க ஐயா இருந்தது?" என்று கேளுங்கள். தாங்கல், ஏரி உள்வாய், போக்குக் கால்வாய் என்று தண்ணீர் நிற்கிற, ஓடுகிற இடத்துக்கான வார்த்தைகளில் ஏதாவது ஒன்று அவர் வாயில் வந்தால் யோசியுங்கள்.

நல்லதும் நடக்கிறது. சிட்லபாக்கத்தில் குடியிருப்பவர்களே வருடக்கணக்காகக் குரல் கொடுத்து, குப்பையை அள்ளி, ஏரியைச் சீரமைக்க வைத்தார்கள். செம்பாக்கம் ஏரியிலும் சீரமைப்பு நடந்திருக்கிறது. மாலையில் கரையில் நடக்கிறவர்கள் கூட்டம் இப்போது கடைத்தெருவைப் போல இருக்கும்.

சுற்றிப் பார்க்க

வெள்ளிக்கிழமை என்றால் பல்லாவரம் சந்தைக்குப் போங்கள். நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கும் சந்தை. காய்கறி, செடி, புறா, பழைய கிராமபோன், கழற்றிய கணினி, ஒற்றைச் சக்கரம் என்று எது வேண்டுமானாலும் கிடைக்கும். பேரம் பேசத் தெரியாதவர்கள் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. இதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தார்கள் என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது. நேற்று முளைத்த புறநகர் என்று நாம் நினைக்கும் மண்ணில் மனிதக் கை பட்டுப் பல்லாயிரம் தலைமுறை ஆகிறது.

மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயில் சோழர் காலத்தது. கருவறையின் பின்பக்கம் படுத்திருக்கும் யானையின் முதுகைப் போல வளைந்திருக்கும். இதைத் தூங்கானை மாடம் என்பார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு வண்டலூர் பூங்கா இருக்கவே இருக்கிறது. கால் வலிக்கும், தண்ணீர் பாட்டில் கட்டாயம்.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் திருநீர்மலைக்குப் போங்கள். 108 திவ்யதேசங்களில் ஒன்று. நின்ற, இருந்த, கிடந்த, நடந்த என்று நான்கு கோலத்திலும் பெருமாளை இங்கே பார்க்கலாம். அடிவாரத்தில் நீர்வண்ணர், மலை மேல் அரங்கநாதர். திருமங்கையாழ்வார் இங்கே வந்தபோது மலையைச் சுற்றிலும் வெள்ளமாக நின்றதாம். தண்ணீர் வடிய ஆறு மாதம் காத்திருந்து தரிசித்தார் என்பது தலபுராணம். ஊரின் பெயரே நீர்மலை.

காலையில் வெயில் ஏறுவதற்குள் படி ஏறிவிடுங்கள். மேலே நின்றால் ஒரு பக்கம் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவது தெரியும். இன்னொரு பக்கம் அடுக்குமாடிகள், அவற்றுக்கு நடுவே அங்கங்கே பளபளக்கும் ஏரித் துண்டுகள். மழைக்காலத்துக்கு அடுத்து, தை மாதத்தில் போனால் அந்தத் துண்டுகள் எந்தெந்த வழியில் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன என்பதைக் கண்ணாலேயே தொடர்ந்து பார்க்கலாம்.